டோட்டோவுக்கு லத்தி, ஸ்கூட்டருக்கு மானியம்!

மின்சார வண்டி என்றதும் நம் கண்முன் வருவது எது? ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தயாராகி விளம்பரத்தில் பறக்கிற ஸ்கூட்டர். அமைச்சர்கள் கொடியசைத்து அனுப்புகிற ஏ.சி. பஸ். ஆனால், இந்த நாட்டில் மின்சாரத்தை நம்பி முதலில் கூட்டமாக ஏறியவர்கள் வேறு. கோரக்பூர், முசாபர்பூர், சிலிகுரி மாதிரி ஊர்களில் சில்லறையைக் கொடுத்துவிட்டு ஈ-ரிக்‌ஷாவில் நெருக்கியடித்து உட்கார்ந்த சாதாரண ஜனங்கள். சிலிகுரி பக்கம் இதற்கு ‘டோட்டோ’ என்று செல்லப் பெயர். ஓட்டுகிறவர்களில் பலர் நேற்றுவரை சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தவர்கள்.

இவர்களுக்கு அரசு என்ன செய்தது? 2014 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம், சட்டத்தில் இடமில்லாத வண்டி என்று தலைநகரில் தடை போட்டது. அப்புறம்தான் அரசு விழித்துக்கொண்டது. 4 பயணிகள், 25 கி.மீ. வேகம் என்று விதி வகுத்து, 2015-ல் மோட்டார் வாகனச் சட்டத்தையும் திருத்திச் சேர்த்துக்கொண்டார்கள். அதோடு சரி.

2019-ல் ‘ஃபேம்-2’ திட்டம் வந்தது. 2021 ஜூனிலிருந்து 2023 மே வரை ஸ்கூட்டர் பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 15,000 ரூபாய் மானியம். நிபந்தனை? லித்தியம் போன்ற உயர் ரக பேட்டரி இருக்க வேண்டும். பெரும்பாலான டோட்டோக்களில் இருப்பதோ ஈய பேட்டரி. ஆக, பைசா கிடையாது. 2024 அக்டோபரில் வந்த ‘பி.எம். இ-டிரைவ்’ திட்டத்திலும் இதே கதைதான்.

“ஈயம் விஷமாச்சே, அதுக்கு எதுக்கு சார் மானியம்?” என்று கேட்பீர்கள். விஷம்தான். பழைய பேட்டரியைக் கொல்லைப்புறப் பட்டறையில் உடைத்து உருக்கினால், அந்த ஈயம் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் ரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்கும். அதனால்தான் சொல்கிறேன், முதலில் கை கொடுத்திருக்க வேண்டியது டோட்டோக்காரருக்குத்தான்.

“லித்தியம் வண்டி வாங்கியிருந்தா அவருக்கும் கிடைச்சிருக்குமே!” வாஸ்தவம். ஆனால், அதற்கு முதலிலேயே பெருந்தொகை வேண்டும். பாங்க் மேனேஜர் இவரை உட்காரக்கூடச் சொல்ல மாட்டார். வட்டிக்கு வாங்கி, ஒரு வருஷம் உழைத்தாலே அதிசயமான ஈய பேட்டரியைத்தான் இவரால் மாட்ட முடியும். அது செத்ததும் மறுபடி வட்டி.

பெரிதாக எதுவும் வேண்டாம். 2022 பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரியைத் தயாரிப்பாளரே திரும்ப எடுக்க வேண்டும் என்கின்றன. அதை நிஜமாகவே அமல்படுத்துங்கள். பழையதைக் கொடுத்தால் லித்தியம், மிச்சத்துக்கு நியாயமான வட்டியில் தவணை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மீட்டர் வைத்து ராத்திரி சார்ஜ் ஏற்ற ஒரு ஷெட். இந்தப் பணத்துக்கா பஞ்சம்?

அதைவிட்டு, நெரிசலுக்குக் காரணமே இவர்கள்தான் என்று லத்தியோடு விரட்டுகிறார்கள். ஒருத்தர் சொகுசாகப் போகிற வண்டிக்கு நம் வரிப்பணம், நாலு பேரைச் சுமக்கிற வண்டிக்கு அபராதம். பசுமைக் கொள்கையாம்!