கேபிளை மாற்றும் முன்...

பெரிய கோப்புகளை அனுப்பும்போது சர்வரின் நெட்வொர்க் படுத்துவிட்டால், பலரும் முதலில் கேபிளை மாற்றுகிறார்கள். இல்லையேல் கூடுதல் வேகமுள்ள இணைப்பை வாங்கச் சொல்கிறார்கள். காரணம் தெரியாமல் செய்யும் செலவு இது.

1986 அக்டோபரில் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் அருகிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் சுமார் 400 கெஜம்தான். அங்கே நொடிக்கு 32,000 பிட்டாக ஓடிய தரவு, 40 பிட்டாகச் சரிந்தது. கேபிள் அறுந்துபோகவில்லை. நெரிசலில் பதில் தாமதமானதும், கணினிகள் அனுப்பிய பாக்கெட்டுகளையே மீண்டும் மீண்டும் அனுப்பின; நெரிசல் இன்னும் கூடியது. வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்சும் திருத்தியது அனுப்பும் முறையைத்தான்: மெதுவாகத் தொடங்க வேண்டும், பாக்கெட் தொலைந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இன்றைக்கும் அதே பாடம்தான். பிங் ஒழுங்காக வருகிறது என்பதால் நெட்வொர்க் நலம் என்று சொல்லிவிட முடியாது. பிங் அனுப்புவது சிறிய பாக்கெட். முழு 1500 பைட் பாக்கெட்டைத் துண்டாக்காமல் அனுப்பிப் பார்க்க வேண்டும். தொலைந்தவை, பிழையானவை, மறுபடி அனுப்பப்பட்டவை எத்தனை என்று பரிமாற்றத்துக்கு முன்னும் பின்னும் குறித்து ஒப்பிட வேண்டும். கேபிள்தான் பழுது என்றாலும், அதற்கான தடயம் இந்த எண்களில்தான் கிடைக்கும்.

இதையெல்லாம் பார்க்க அரை மணி நேரம் போதும். பார்க்காமல் விட்டால், இரவு பேக்கப் பாதியில் நின்றுபோனது வட்டு பழுதாகும் நாளில்தான் தெரியவரும்.