மரத்துக்கு மண் பார்ப்பவர்கள் மனிதனுக்கும் பார்க்கட்டும்

மறுநடவு செய்யும் முன் தோட்ட நிர்வாகம் மண்ணைத் தோண்டிப் பார்க்கிறது. களிமண்ணா, செம்மண்ணா, கல் எங்கே தட்டுகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்றெல்லாம் கண்டறிந்த பிறகுதான் கன்று ஊன்றப்படுகிறது. 1925-ஆம் ஆண்டில் ஏற்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இந்த மண் விஷயத்தில் எவ்வளவோ உழைத்திருக்கிறது. வேரடியில் தண்ணீர் நின்றால் பால் மரம் தேறாது என்பது பால் வெட்டுகிற நமக்கும் தெரியும்.

லயத்துக்குப் பின்னால் கக்கூஸுக்குச் செப்டிக் தொட்டி கட்டும்போது இந்த அக்கறை எங்கே போய்விடுகிறது? காலியாகக் கிடக்கும் மூலையில் குழி வெட்டி, சிமெண்டு பூசி, மூடி போட்டுவிட்டால் சுகாதாரம் வந்துவிட்டதாக நிர்வாகஸ்தர்கள் பலர் எண்ணுகிறார்கள்.

தோழர்களே, தொட்டி கழிவை முழுதும் சுத்தம் செய்வதில்லை. கனமானது அடியில் படிகிறது. எண்ணெய்ப் பசை மேலே மிதக்கிறது. நடுவிலுள்ள நீர் வெளியேறுகிறது. அந்த நீரில் நோய்க்கிருமிகள் உயிரோடு இருக்கின்றன. அதை வடிகட்டுவது தொட்டிக்கு அப்பாலுள்ள மண். காற்றோட்டமுள்ள ஈரமற்ற மண்ணில் சில அடி தூரம் மெதுவாக இறங்கினால்தான் கிருமிகளில் பெரும்பாலானவை மடியும். மண் தவறினால் தொட்டி இருந்தும் பயனில்லை.

மண் இரண்டு விதமாகத் தவறும். கிள்ளான், கோலசிலாங்கூர் போன்ற கடலோரக் களிமண் தண்ணீரை உறிஞ்சாது. கழிவுநீர் மேலே பொங்கி, பிள்ளைகள் விளையாடும் கானில் ஓடும். வெறும் மணலும் வெடிப்புள்ள பாறையுமோ தண்ணீரை நிறுத்தாமல் கீழே விட்டுவிடும். கழிவு வடியாமலே கிணற்றைச் சேரும். முதலாவது மூக்குக்குத் தெரியும். இரண்டாவது, வயிற்றுப்போக்கும் டைபாய்டும் வந்த பிறகே தெரியும். நல்ல மண்ணும் தடுக்க முடியாத நைட்ரேட் என்ற உப்பு ஒன்று உண்டு. நிலத்தடி நீரில் அது மிகுந்தால், அந்நீரில் பால் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து.

இதைச் சோதிப்பது பெரிய வித்தையன்று. தொட்டி நீர் போகும் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி, இரவு முழுதும் ஊறவிட வேண்டும். மறுநாள் மீண்டும் தண்ணீர் ஊற்றி, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறதென்று கணக்கெடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தால் அம்மண் ஆகாது. ஒரு நிமிஷத்துக்குள் இறங்கினாலும் ஆகாது. 1920-களிலேயே அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வகுக்கப்பட்ட சோதனை இது.

குழியின் ஓரத்து மண்ணையும் பார்க்க வேண்டும். சிவப்பும் மஞ்சளுமாக இருந்தால் அங்கே காற்றோட்டம் உண்டு. சாம்பல் நிறத்தில் துருப்புள்ளிகள் தெரிந்தால், மழைக்காலத்தில் தண்ணீர் அதுவரை ஏறி நிற்கிறதென்று அர்த்தம். வெயில் காலத்தில் மட்டும் சோதித்துவிட்டுச் சரி என்று எழுதுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். மழையால் வெட்டு நின்ற நாட்களைக் குறித்து வைக்கும் கிராணிமார், நீர்மட்டம் எப்போது உயரும் என்பதையும் எடுத்துச் சொல்ல முடியும்.

"குழாய்த் தண்ணீர் இருக்கிறதே, கிணற்றைப் பற்றி ஏன் கவலை?" என்று சிலர் கேட்கக்கூடும். தொழிலாளர் குடியிருப்புக்கான 1990-ஆம் ஆண்டின் 446-வது சட்டம் குழாய்த் தண்ணீரைக் கட்டாயமாக்கியிருப்பது உண்மை. ஆனால் குழாய் நின்ற நாளில் எல்லோரும் கிணற்றுக்கும் ஆற்றுக்கும்தான் ஓடுகிறோம். பூமிக்கடியில் விரிசல் கண்ட குழாயில் அழுத்தம் குறைந்தால் சுற்றியுள்ள அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படும் என்பதையும் மறக்கலாகாது.

கிளைச் சங்கங்கள் கேட்க வேண்டியவை இவை. தொட்டி கட்டும் முன் மண் சோதனையும் நீர்மட்டச் சோதனையும் நடக்க வேண்டும். சோதனையின்போது தொழிலாளர் பிரதிநிதி ஒருவர் உடனிருக்க வேண்டும். முடிவைப் பெரட்டுக்களத்தில் தமிழிலும் ஒட்ட வேண்டும். மண் ஆகாத இடத்தில் மணல் கொட்டி மேட்டுப் படுகை அமைக்கலாம். அல்லது கழிவைக் குழாய் வழியே தூரத்துச் சுத்திகரிப்புக் குளத்துக்குக் கொண்டுபோகலாம். செலவு ஆகும்தான். கட்டிய தொட்டியையும் காலாகாலத்தில் அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும்.

மரம் நட மண் பார்க்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு இதெல்லாம் தெரியாத காரியமல்ல. அந்த மரத்தை வெட்டிப் பால் எடுப்பவன் குடிக்கும் தண்ணீருக்காகவும் ஒரு குழி வெட்டிப் பார்க்கட்டும். அதைக் கேட்டுப் பெறுவது நம் பொறுப்பு.