பீரோவில் தூங்கும் கல்யாண டிவிடி... வீட்டு டிவியில் ஓட எளிய வழி!

சமயநல்லூர் பக்கம் பல வீடுகளில், பீரோவைத் திறந்தால் பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு கல்யாண டிவிடி இருக்கும். இன்று இல்லாத தாத்தா அதில் மட்டும்தான் நடந்து வருவார். அப்பத்தா தாம்பூலத் தட்டோடு சிரிப்பார். ஆனால், போட்டுப் பார்க்க பிளேயர் இல்லை. புது லேப்டாப்களிலும் டிவிடி போட இடமில்லை. கேசட் நிலைமை இன்னும் மோசம். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் விசிஆர் தயாரிப்பையே நிறுத்திவிட்டது.

இதற்கு ஒரு தீர்வு, வீட்டிலேயே 'மீடியா சர்வர்' அமைப்பது.

அது என்ன?

வீடியோக்களை ஒரு கம்ப்யூட்டரில் சேர்த்துவைத்து, அதே வைஃபையில் இருக்கும் டிவியிலும் மொபைலிலும் பார்க்கும் வசதி. வீடியோ உங்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பதால், இன்டர்நெட் நின்றாலும் ரவுட்டர் ஓடினால் போதும். டேட்டாவும் செலவாகாது. 2018 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'ஜெல்லிஃபின்' என்ற மென்பொருள் இதற்கு முழுக்க இலவசம்.

என்ன தேவை?

பழைய லேப்டாப் போதும். பேட்டரி நன்றாக இருந்தால் கரன்ட் போனாலும் பட்டென்று அணையாது. கூடவே ஒரு யுஎஸ்பி டிவிடி டிரைவ். சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. 1 டிபி ஹார்டு டிஸ்க்கில் 200 டிவிடிகள் அடங்கும்.

எப்படிச் செய்வது?

1. 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருளில் டிவிடியை எம்பி4 ஃபைலாக மாற்றுங்கள். வீடியோ வகையாக ஹெச்.264-ஐத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான டிவிகளில் இது அப்படியே ஓடும். டிவிக்குப் புரியாத வகை என்றால் சர்வர் உடனுக்குடன் மாற்றி அனுப்ப வேண்டும். பழைய லேப்டாப் திணறி, படம் நின்று நின்று வரும்.

2. ஃபைலுக்கு '2004 அக்கா கல்யாணம்' என்பதுபோல வருடத்தோடு பெயர் வையுங்கள்.

3. லேப்டாப்பில் ஜெல்லிஃபினை நிறுவி, பாஸ்வேர்டு கொடுத்து, வீடியோ இருக்கும் ஃபோல்டரைக் காட்டுங்கள். லேப்டாப் தானாக 'ஸ்லீப்' ஆகாதபடி மாற்றிவிடுங்கள்.

4. மொபைலிலும் ஆண்ட்ராய்டு டிவியிலும் ஜெல்லிஃபின் ஆப்பை இறக்கி, லேப்டாப்பின் ஐபி முகவரியோடு 8096 என்ற போர்ட் எண்ணைக் கொடுத்தால் வீடியோ ஓடும்.

கேசட் என்றால், விசிஆர் வைத்திருக்கும் பழைய வீடியோ ஸ்டூடியோக்களில் விசாரித்து முதலில் ஃபைலாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதை மறக்காதீர்கள்!

சர்வர் வேறு, பேக்கப் வேறு. ஹார்டு டிஸ்க் பழுதானால் எல்லாம் போய்விடும். இன்னொரு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்துவையுங்கள். டிவிடியையும் தூக்கிப் போட வேண்டாம்.

ஸ்டூடியோக்காரர்கள் எழுதித் தந்த டிவிடிகளில் பதிவு இருப்பது ஒரு சாயப் படலத்தில்தான். வெயில், புழுக்கம், கீறல் எதிலும் அது கெடலாம். கெட்ட பிறகு எந்த சர்வராலும் மீட்க முடியாது. அதனால், வீட்டிலேயே பழைய டிஸ்க் எதுவோ, இந்த ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்து தொடங்குங்கள்.