வாஷிங்டன் வீட்டிலிருந்து ஓடிப்போன பொண்ணு

"அப்பா, வாஷிங்டன் நல்லவரா, கெட்டவரா?"

நாயகன்ல கமல்கிட்ட பேரன் கேட்ட அதே கேள்விதான். கேட்டது என் பொண்ணு, எட்டு வயசு, காரோட பின் சீட்டிலிருந்து. 2025 கோடை லீவுல பிலடெல்பியா போயிட்டு நியூஜெர்சிக்குத் திரும்பி வந்துட்டிருந்தோம். நானும் கமல் சொன்ன பதிலையே சொல்லி வெச்சேன். வேற வழி?

தப்பு என் மேலதான். ஜூலை 4 பத்தி அதுவரைக்கும் அவளுக்குக் கதை சொன்னதெல்லாம் நான். செர்ரி மரத்தை வெட்டிட்டு அப்பாகிட்ட பொய் சொல்லாம ஒத்துக்கிட்ட குட்டி வாஷிங்டன். சுதந்திரம்னு முடிவானதும் ஒரு பையன் ஓடி வந்து குரல் கொடுக்க, மணியை ஓங்கி அடிச்ச கிழவர். சும்மா சொல்லக்கூடாது, ஆக்‌ஷனோட சொல்வேன். ரெண்டுமே கட்டுக்கதைன்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுது. மரக்கதை, வாஷிங்டன் செத்து ஏழு வருஷம் கழிச்சு, 1806-ல வீம்ஸ்ங்கற பாதிரியார் தன்னோட புத்தகத்தின் புதுப் பதிப்புல சேர்த்தது. பையன் கதை, ஜார்ஜ் லிப்பார்டுன்னு ஒரு எழுத்தாளர் 1847-ல எழுதின புனைகதை. பொய் சொல்லாத பையனைப் பத்தின கதையே பொய்! இதைவிட என்னங்க வேணும் :-)

வரி விஷயத்தை மட்டும் கொஞ்சம் உருப்படியா சொல்லிக் குடுத்திருந்தேன். டீ விலை ஏறினதால பாஸ்டன்ல 342 பெட்டி டீயைக் கடல்ல கொட்டினாங்கன்னுதான் நம்மில் பல பேர் நினைச்சிட்டிருக்கோம் (நானும்தான்). ஆனா 1773 சட்டத்தால டீ விலை குறையத்தான் செஞ்சுது. கிழக்கிந்தியக் கம்பெனி, ஆமா நம்ம சென்னைக் கோட்டையில உட்கார்ந்திருந்த அதே கம்பெனிதான், சரக்கு தேங்கிப்போய் நஷ்டத்துல கிடந்தது. அதைக் கைதூக்கி விடத்தான் அந்தச் சட்டம். சண்டை விலையில இல்லை, எங்களைக் கேக்காம எங்ககிட்ட வரி வாங்க நீ யாருங்கறதுல. பொண்ணுகிட்ட இப்படிக் கேட்டேன்: "உன் உண்டியல்ல இருந்து உன்னைக் கேக்காம அஞ்சு டாலர் எடுத்து, உனக்கே சாக்லேட் வாங்கிக் குடுத்தா ஓகேவா?" "நோ வே"ன்னா. 1776 புரிஞ்சிடுச்சு.

இந்த அஸ்திவாரத்தோடதான் லிபர்ட்டி பெல்லைப் பார்க்கப் போனோம்.

போனவங்களுக்குத் தெரியும். மணி இருக்கற கட்டடத்தோட வாசலை ஒட்டியே, கூரையில்லாம, செங்கல் சுவரும் ஜன்னல் சட்டமுமா ஒரு இடம் இருக்கும். வெள்ளை மாளிகைக்கு முன்னாடி வாஷிங்டனும் ஆடம்ஸும் ஜனாதிபதியா குடியிருந்த வீடு நின்ன இடம் அது. வாஷிங்டன் அந்த வீட்டுல ஒன்பது அடிமைகளை வெச்சிருந்தார். அந்த ஒன்பது பேரோட பேரையும் சுவர்ல பொறிச்சிருக்காங்க. மணியைப் பார்க்க வரிசையில நிக்கற நேரத்துல பொண்ணு அதை ஒவ்வொண்ணா எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டு, ஓனிங்கற பேர்ல நின்னுட்டா. "இது யாருப்பா?"

எனக்குத் தெரியலை. பக்கத்துல இருந்த பலகையைப் படிச்சு அங்கேயே தெரிஞ்சுக்கிட்டேன். மிச்சத்தை வீட்டுக்கு வந்து படிச்சேன்.

ஓனா ஜட்ஜ். மார்த்தா வாஷிங்டனுக்குத் துணி தைக்கவும், அலங்காரம் பண்ணவும், கூடவே போகவும் இருந்த பொண்ணு. பென்சில்வேனியாவுல 1780-ல ஒரு சட்டம் போட்டிருந்தாங்க. வெளி மாநிலத்துக்காரர் அடிமையைக் கூட்டிட்டு வந்து ஆறு மாசத்துக்கு மேல அங்கேயே வெச்சிருந்தா, அந்த அடிமை விடுதலை கேக்கலாம். வாஷிங்டன் என்ன பண்ணினார்? ஆறு மாசம் ஆகறதுக்குள்ள ஆட்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பிட்டுத் திரும்ப வரவழைச்சார். கணக்கு மறுபடி ஒண்ணுலேர்ந்து. பொண்ணுக்கு இதைச் சொன்ன அடுத்த செகண்டு, "அது சீட்டிங்"ன்னா. விளையாட்டுல விதியை வளைக்கறவனைக் கண்டுபிடிக்க குழந்தைகளுக்கு யாரும் டியூஷன் எடுக்க வேண்டாம்.

1796 மே 21. வீட்டுல எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரம். ஓனா வாசல் வழியா வெளியே போனவ, திரும்பி வரலை. கப்பல் ஏறி நியூ ஹாம்ப்ஷயர்ல போர்ட்ஸ்மவுத்துக்குப் போயிட்டா. தன்னை மார்த்தாவோட பேத்தி எலைசாவுக்குப் பரிசாக் குடுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும்தான் கிளம்பியிருக்கா. பேப்பர்ல விளம்பரம், பிடிச்சுக் குடுத்தா பத்து டாலர். ஜனாதிபதியே நிதி மந்திரியைப் பிடிச்சு, அவர் மூலமா அங்கே இருந்த சுங்க அதிகாரிக்குக் கடிதம். அதிகாரி போய்ப் பேசினப்போ, எனக்கு அப்புறமாவது விடுதலை தருவோம்னு வாக்கு குடுத்தா திரும்பி வரேன்னு ஓனா பேரம் பேசியிருக்கா. வாஷிங்டன் ஒத்துக்கலை. 1799-ல மறுபடி ஆள் அனுப்பினார், அவ தப்பிச்சிட்டா. 1848-ல சாகற வரைக்கும் சட்டப்படி ஓடிப்போன அடிமைதான். கடைசிக் காலத்துல பத்திரிகைக்காரங்க வந்து, வறுமையில இருக்கியே, ஏன் ஓடினோம்னு வருத்தமான்னு கேட்டாங்க. இல்லை, நான் சுதந்திரமா இருக்கேன்னுதான் சொன்னா.

இப்ப விஷயத்துக்கு வரேன். இதையெல்லாம் எட்டு வயசுக் குழந்தைக்குச் சொல்லணுமா?

எங்க நண்பர்கள் கூட்டத்துல இதை வெச்சு ஒரு சாயங்காலம் பூரா சண்டை. ஒரு கட்சி, "குழந்தைக்கு எதுக்குங்க இதெல்லாம்? கொடியைப் பிடிச்சிட்டு வாணவேடிக்கை பார்க்கட்டும். வளர்ந்து தானா தெரிஞ்சுக்கும்." இன்னொரு கட்சி, "எல்லாம் டுபாக்கூர் பசங்க. எல்லாரும் சமம்னு எழுதின ஜெஃபர்சனே வாழ்நாள்ல அறுநூறு பேருக்கு மேல அடிமையா வெச்சிருந்த ஆளு. அதையே சொல்லிக் குடு, போதும்."

ரெண்டு கட்சியும் வேலையைத் தட்டிக் கழிக்குதுன்னுதான் எனக்குத் தோணுது. முதல் கட்சியை நம்பி விட்டா, குழந்தைக்கு இருபது வயசுல தெரிய வரும்போது கோபம் வாஷிங்டன் மேல வராது, நம்ம மேல வரும். ரெண்டாவது கட்சி புத்திசாலித்தனமா தெரியுது, அவ்வளவுதான். அந்த வாசகத்தை அடிமைகளே எடுத்துப் பயன்படுத்தினதை அவங்க பார்க்கறதே இல்லை.

எலிசபெத் ஃப்ரீமன் கதையைப் பாருங்க. மசாசூசெட்ஸ்ல அடிமை, எழுதப் படிக்கத் தெரியாது. 1780-ல அந்த மாநிலத்துக்கு எழுதின அரசியல் சட்டத்துல, மனுஷங்க எல்லாரும் பிறப்பால சுதந்திரமானவங்க, சமமானவங்கன்னு இருக்கு. பெரிய மனுஷங்க அதைப் பேசறது அந்தம்மா காதுல விழுந்தது. நேரா ஒரு வக்கீல்கிட்ட போய், அந்த எல்லாருல நான் உண்டா இல்லையான்னு கேட்டாங்க. 1781-ல கேஸ் ஜெயிச்சது, விடுதலையும் முப்பது ஷில்லிங் நஷ்டஈடும். ஜெஃபர்சன் போலி, அதனால அந்த வாசகமும் போலின்னு அந்தம்மா நினைச்சிருந்தா? எழுதினவன் யாரா இருந்தா என்ன, எழுதிக் குடுத்துட்டே இல்ல, எடுத்து வை! 1963-ல வாஷிங்டன் நகரத்துல மார்ட்டின் லூதர் கிங் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். அந்தப் பிரகடனத்தை ஒரு புரோநோட்டுன்னார். புரோநோட்டுன்னா என்னன்னு நம்மாளுங்களுக்கு நான் விளக்கணுமா என்ன.

தமிழ்ல ஒரு வசதி இருக்கு. சுதந்திரம், விடுதலைன்னு ரெண்டு வார்த்தை. அகராதியில ஒண்ணுதான், ஆனா வீட்டுல நான் பிரிச்சு வெச்சிருக்கேன். நாட்டுக்குக் கிடைச்சது சுதந்திரம், ஆளுக்குக் கிடைக்கறது விடுதலை. 1776-ல வந்தது சுதந்திரம். எலிசபெத்தம்மாவுக்கு விடுதலை 1781-ல. நாலு மில்லியன் பேருக்கு 1865 வரைக்கும் இல்லை. பொண்ணு இப்ப எந்தக் கதை சொன்னாலும், "யாருக்கு விடுதலை?"ன்னு கேக்கறா. என்னமோ நான் சொல்லிக் குடுத்ததுல உருப்படியானது இது ஒண்ணுதான்.

நாமளும் அந்த எல்லாருல ரொம்ப நாளா இல்லை, அதையும் சொல்லிட்டேன். 1790 சட்டப்படி வந்து குடியேறினவங்கள்ல வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்தான் குடியுரிமை. பகத் சிங் திண்ட் அமெரிக்க ராணுவத்துல இருந்தவர், அவர் கேஸ்லயே 1923-ல சுப்ரீம் கோர்ட்டு இந்தியர்களுக்குக் கிடையாதுன்னுடுச்சு. 1946-லதான் கதவு திறந்தது, அதுவும் வருஷத்துக்கு நூறு பேர்னு. குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்னிக்கு கையில குட்டிக் கொடியோட போட்டோ எடுத்துக்கிட்டேனே, அப்ப இதெல்லாம் எனக்கே தெரியாது.

அந்த வீட்டுப் பலகைகளை 2026 ஜனவரியில கழட்டினாங்க. சுதந்திரத்தோட 250-வது வருஷம் பாருங்க. பிலடெல்பியா நகர நிர்வாகம் கோர்ட்டுக்குப் போச்சு. நியூஸைப் பார்த்துட்டு பொண்ணு, "நாம படிச்சதையா?"ன்னா. ஆமான்னேன். "நாமதான் படிச்சிட்டோமே"ன்னு போயிட்டா.

வாஷிங்டன் நல்லவரா கெட்டவராங்கற கேள்வி இன்னும் பாக்கி. உயில்ல தன் பேர்ல இருந்த அடிமைகளை விடுதலை பண்ணச் சொல்லி எழுதி வெச்சார், அதையும் மறைக்காம சொன்னேன். ஓனா மார்த்தா பக்கத்துச் சொத்து, அந்த உயில் அவளைத் தொடாது. அதையும் சொன்னேன். "ரெண்டும்"ன்னு அவளே ஒரு பதில் வெச்சிருக்கா, கேள்விக்குறியோட.

ஆனா ஒண்ணு மட்டும் நான் சொல்லலை. பிள்ளைகளுக்கு எல்லாத்தையும் சொல்லணும்னு இவ்வளவு நேரம் முழங்கினவன்தான். எலைசா கல்யாணம் பண்ணிக்கிட்டது தாமஸ் லாங்கறவரை. நம்ம கம்பெனி உத்தியோகத்துல பீகார்ல இருந்து பணம் சேர்த்துட்டு அமெரிக்கா வந்த ஆசாமி. அந்த வீட்டுக்குப் பரிசாப் போக வேண்டிய ஓனா ஓடிட்டதால, அவளோட தங்கையை அனுப்பினாங்க. தங்கை பேரு ஃபிலடெல்ஃபியா.

என் பொண்ணுக்கும் ஒரு தங்கச்சி இருக்கா, மூணு வயசு. ராத்திரி ரெண்டும் ஒரே போர்வையிலதான் தூங்கும். எப்ப சொல்றது, எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. உங்க வீட்டுல இந்த மாதிரி இடம் வந்தா என்ன பண்றீங்க?