கண்ணாடித் தொட்டியா, அக்ரிலிக் தொட்டியா?



மீன் தொட்டி வேண்டுமென்று பிள்ளைகள் அடம்பிடிக்க, வாங்கித் தர இசைந்துவிட்டீர்கள். அது கண்ணாடியா, அக்ரிலிக்கா என்பதே அடுத்த வினா.

துபாய் மாலில் 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மீன் காட்சியகத்தைக் கண்டு திரும்பிய வாப்பா, "அங்கே அக்ரிலிக்தான், நாமும் அதையே வாங்குவோம்" என்பார். உண்மைதான். அங்குள்ள பார்வைப் பலகையின் கனம் 75 செ.மீ. அத்தனை கனத்தில் சாதாரணக் கண்ணாடியை அமைத்தால் எடை இரு மடங்காகும். பச்சை நிறமேறிக் காட்சியும் மங்கும். நம் வீட்டுச் சிறு தொட்டிக்கோ அந்தக் கட்டாயம் இல்லை.

நீளம் 60 செ.மீ., அகலமும் உயரமும் 30 செ.மீ. உள்ள தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அது 54 லிட்டர் நீர் கொள்ளும். நீரின் எடை மட்டுமே 54 கிலோ. 5 மி.மீ. கண்ணாடியாலான அத்தொட்டி ஏறத்தாழ 9 கிலோ இருக்கும். அதே கனமுள்ள அக்ரிலிக்கில் அதில் பாதி. எனவே எதை வாங்கினாலும் உறுதியான மேசை அவசியம்.

பாசியைத் துடைக்கையில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் அக்ரிலிக்கில் கீறல் விழும். தரம் குறைந்ததாயின் வெயில் பட்டு நாளடைவில் மஞ்சளிக்கும். அம்மோனியாவோ ஆல்கஹாலோ கலந்த துப்புரவுத் திரவம் பட்டால் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். கண்ணாடியில் எளிதில் கீறல் விழாது; மற்ற இரு குறைகளும் அதற்கு இல்லை. விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் அது உடையும். ஓடி விளையாடும் சிறு பிள்ளைகள் உள்ள இல்லத்தில் கூரிய சில்லுகள் ஆபத்தானவை. அத்தகைய இல்லத்திற்கு மட்டும் அக்ரிலிக்கைத் தேர்ந்தெடுங்கள். நீரின் அழுத்தத்தால் பக்கங்கள் புடைக்காதிருக்க, மேல் விளிம்பில் பட்டை ஒட்டப்பட்டுள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். மற்றவர்களுக்குக் கண்ணாடியே போதும். அதன் அடியில் ஒரு தெர்மோகோல் தகடு விரித்தால் மேசையின் மேடுபள்ளம் விரிசலை உண்டாக்காது.

மிச்சமாகும் பணத்தை நீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டிக்குச் செலவிடுங்கள். மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா அதற்கே நஞ்சாகும். அதை மாற்றும் நுண்ணுயிர்கள் புதிய தொட்டியில் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை ஓரிரு மீன்களே போதும். பிள்ளைகளின் அவசரத்திற்காக ஒரே நாளில் பத்து மீன்களை விட்டுவிட்டு, மறுவாரம் அவை மிதப்பதைக் காண வேண்டாம்.

பூனையொன்றை அடைத்துவைத்து, உணவும் தராமல், தானே இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண் அதனாலேயே நரகம் புகுந்ததை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். நாம் அடைத்துவைக்கும் மீனும் தானே இரை தேட இயலாது. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தொட்டி வாங்கும் நாளிலேயே, உணவிடுவதும் வாரந்தோறும் நீர் மாற்றுவதும் யார் பொறுப்பென்று பிள்ளைகளோடு பேசி முடிவு செய்துவிடுங்கள்.