குடியிருப்புத் தோட்டத்தில் முசுக்கட்டை

நெய்வேலி நகரியத்திற் பிறந்து வளர்ந்தார்க்குப் பழக்கமான கேள்வி ஒன்றுண்டு. புறக்கடையில் ஒரு மரம் நடலாமென்று யாரேனும் கூறின், “இது நம் வீடா? பணி முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகின்றவர்கட்கு மரம் எதற்கு?” என்பர். இங்ஙனம் வினவுவோர் சோம்பர் அல்லர். எந்தையாரே வினவுகின்றார். கீரையும் கத்தரியும் வாழையும் அவர் கை பட்டாற் செழிக்கும். ஓராண்டைக் கடந்து பயன் தருவதொன்றை மட்டும் அவர் நட்டதில்லை. அவர்தம் பணி நிறைவிற்கு இன்னும் இரண்டாண்டுகளே உள. தந்தையாரோடு மாறுபடுதல் எளிதன்று. எனினும், முசுக்கட்டையைத் துணைக்கொண்டு மாறுபடத் துணிந்தேன்.

முசுக்கட்டை என்றவுடன் முசுமுசுக்கைக் கொடியை நினைப்பாரும் உளர், அது வேறு. கம்பளிச்செடி எனவும், மல்பெரி எனவும் வழங்குவது இம்மரமே. தமிழ் வேதாகமம் பயின்றார்க்கு இப்பெயர் புதிதன்று. இரண்டாம் சாமுவேல் 5ஆம் அதிகாரத்தில், பெலிஸ்தரொடு பொரச் சென்ற தாவீதுக்கு, முசுக்கட்டைச் செடிகளின் நுனியில் எழும் இரைச்சலே புறப்படுதற்குரிய குறிப்பாகச் சொல்லப்பட்டது. ஆயின், ஆண்டுள்ள எபிரேயச் சொல் வேறொரு மரத்தைச் சுட்டும் என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் பலர்தம் கொள்கை. லூக்கா 17ஆம் அதிகாரத்தில், வேரோடு பெயர்ந்து கடலில் நடப்படுக என ஏவப்பெறும் மரமோ, கிரேக்க மூலத்தின்படி கரு முசுக்கட்டை. தமிழில் அது காட்டத்தி ஆயிற்று. உரிமை இல்லாத இடத்திற் பெயர் பெற்று, உரிய இடத்திற் பெயர் இழந்தது இம்மரம்! அத்தியும் முசுக்கட்டையும் ஒரு குடும்பத்தனவாதலின், பெயர்த்தோரை மிகவும் குறை கூறுதற்கில்லை. நம் பண்ருட்டிப் பலாவும் அக்குடும்பத்ததே.

பலாவைக் கூறியது காரணம் பற்றியே. பலாக் கன்றை நட்டவர் கனி காணப் பல ஆண்டு பொறுத்தல் வேண்டும். குடியிருப்பில் வாழ்வார்க்கு அப்பொறுமை இல்லாமை இயல்பே. முசுக்கட்டையோ குச்சியில் துளிர்ப்பது. நட்ட ஓரிரண்டு ஆண்டுகளிற் பழுப்பது. வீடு மாறுங்கால் மரத்தை விட்டுச் செல்லலாம். அதன் குச்சியொன்றைக் கையிற் கொண்டும் செல்லலாம். விட்டதும் அம்மரமே, கொண்டதும் அம்மரமே. ‘நம் வீடா இது’ என்னும் கேள்விக்கு இதனினும் நேரான விடை பிறிதொரு மரத்தினிடத்து இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மற்றொன்றும் கூறல் வேண்டும். முசுக்கட்டைப் பழம் பறித்த பின் ஒரு நாள் தாங்குவதே அரிது, தொட்டாற் கசியும். கடைத்தெருவிற்கு அது பெரிதும் வாராமைக்குக் காரணம் இதுவே. மாவும் வாழையும் விலை கொடுத்தாற் கிடைக்கும். இதனை உண்ண விரும்புவார் மரத்தடிக்கே செல்லல் வேண்டும். ஆதலின் வீட்டுத் தோட்டமே இதற்குரிய இடமாம்.

வளர்க்கும் முறை கடினமன்று. ஆறு முதல் எட்டு மாதம் முற்றிய, எழுதுகோற் பருமனுள்ள கிளையைத் தேர்ந்து, மூன்று நான்கு கணுக்கள் அமையச் சாணளவாக நறுக்குக. பட்டை கிழியாதவாறு கூரிய கத்தி கொண்டு நறுக்குதல் நன்று. இம்மரத்தில் ஆண்பூவும் பெண்பூவும் பெரும்பாலும் வெவ்வேறு மரங்களிற் பூக்குமாதலின், பழுத்ததைக் கண்ணாற் கண்ட மரத்திலிருந்தே குச்சி எடுத்தல் வேண்டும். இதனை மறந்தவர் இலையை மட்டும் பார்த்திருக்க நேரும். செம்மண்ணும் மணலும் தொழு உரமும் கலந்த கலவையில், ஒரு கணு மண்ணின்மேல் தோன்ற ஊன்றி, சிறு நிழலில் வைத்து, ஈரம் காயாமற் காக்க. தளிர் கண்ட அளவில் வேர் பிடித்ததென்று எண்ணிப் பிடுங்கிப் பார்ப்பார் சிலர். அவர் செயலாற் பட்ட குச்சிகள் பல. மூன்று நான்கு மாதம் சென்றபின், ஒன்றரையடிக் குழியில் தொழு உரம் இட்டு நடுக. நாள் முழுதும் வெயில் படும் இடமே வேண்டும். சுவருக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் பத்தடி விலகியிருத்தல் நலம். நீர் தேங்குதல் ஆகாது.

நட்டபின் வேண்டுவது கவாத்து. வீட்டில் வளர்ப்போர் பலர் கத்தியெடுக்க அஞ்சுகின்றனர். அஞ்சற்க! முசுக்கட்டை புதுக் கிளையிலேயே காய்ப்பது. பழம் ஓய்ந்தபின் கிளைகளைக் குறைத்து, இலைகளை உருவி, எரு இட்டு நீர் பாய்ச்சின், புதுத் தளிரோடு பூங்கொத்தும் உடன் தோன்றும். நம் நாட்டு வெப்பத்தில் ஆண்டிற்கு ஒரு முறைக்கு மேலும் இங்ஙனம் பழுக்கச் செய்யலாம். ஆளுயரத்திற்கு மேற் செல்ல விடாதிருத்தல் பழம் பறிப்பார்க்கு வசதி, காற்றிற்கும் காப்பு. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறிய தானே புயல், இப்பகுதியின் பலாவையும் முந்திரியையும் சாய்த்ததை மூத்தோர் இன்னும் மறந்திலர். நகரியத்தின் நிழல் மரங்களும் அன்று மிகுதியாக வீழ்ந்தன. வெட்டி வளர்க்கப்படும் சிறு மரத்திற்கு அவ்வச்சம் குறைவு.

நோயுள் முதன்மையானது மாவுப்பூச்சி. தளிர் சுருண்டு தடித்துக் காணப்படின், அந்நுனியைக் கிள்ளி எரித்துவிடுக. 2008ஆம் ஆண்டிற் கோயம்புத்தூர்ப் பக்கத்தே தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி, தமிழகத்து முசுக்கட்டைத் தோட்டங்களைப் பெரிதும் அழித்தது. 2010இல் வெளிநாட்டினின்று கொணர்ந்து விடப்பட்ட ஒரு சிறு குளவியினமே அதனை அடக்கியது. நஞ்சு மருந்துகள் அன்று. சிறுவர் பறித்தவாறே வாயிலிடும் பழமாதலின், வீட்டு மரத்திற்கு நஞ்சு தெளித்தல் கூடவே கூடாது. பொறிவண்டுகளைக் கண்டால் விரட்டாதிருங்கள். செங்காயை உண்டால் வயிறு கெடும் என்பதையும் சிறுவர்க்குச் சொல்லி வைத்தல் வேண்டும். மற்று, நம்மூர்த் தூசு இலையில் படியும். வாரமொருமுறை நீர் தெளித்துக் கழுவுதலும், பழத்தைக் கழுவாது உண்ணாமையும் நன்று.

பழச்சாறு துணியைக் கறைப்படுத்தும், அணிலும் மைனாவும் பாதி தின்றுவிடும் என்பன பிறர் கூறும் தடைகள். முதலாவது உண்மை; துணி உலர்த்தும் கொடியைச் சற்றுத் தள்ளிக் கட்டுக. இரண்டாவதைத் தடையென்று யான் கொள்ளேன்.

இம்மரத்தைப் பயனொன்றே கருதிப் பரப்ப முயன்ற வரலாறும் நம் நாட்டிற்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னையில், கும்பினியாரின் மருத்துவத் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், பட்டுத் தொழிலை நிலைநாட்ட விரும்பி, முசுக்கட்டைச் செடிகளைப் பல ஊர்கட்கு அனுப்பினார். அவர் எண்ணிய அளவில் அது வேரூன்றவில்லை. இன்று கிருஷ்ணகிரி, தருமபுரி முதலிய மாவட்டங்களில் உழவர் இதனை இலைக்காகவே பயிரிடுகின்றனர். 1961இல் மைசூரில் நிறுவப்பட்ட பட்டு ஆராய்ச்சி நிலையம் அதற்கென இனங்களை ஆக்கித் தந்துளது. வீட்டில் வளர்ப்பார்க்கு இலைக் கணக்கு வேண்டா. ஆயினும் பட்டு வளர்ப்போரின் தோட்டங்களிற் குச்சிக்குப் பஞ்சமில்லை என்பதை நினைவிற் கொள்க.

இனி, முதற் கேள்விக்கே மீள்வோம். இது நம் வீடன்று என்பது உண்மை. நம் மண்ணுமன்று. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் நீரோடு கரும்பொருள் வெளிப்பட்டதும், 1956இல் நிறுவனம் அமைந்ததும், 1957 மே 20இல் நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்ததும் நாம் பெருமையொடு கூறும் செய்திகள். அவற்றோடு சேர்த்துக் கூறப்படாத செய்தி, இம்மண்ணில் முந்திரியும் பலாவும் வைத்திருந்த குடியானவர் பலர் அவற்றை விட்டுப் பெயர்ந்தனர் என்பது. அவர்கள் குச்சி ஒடித்துக் கொண்டுபோகக் கூடிய மரங்கள் அல்ல அவை. அவர்தம் நிலத்தின்மேல் முப்பது நாற்பதாண்டு வாழ்ந்துவிட்டு, நமக்கு உரிமையில்லை என்று சொல்லி ஒரு மரமும் வையாது செல்லுதல் எனக்கு ஒப்பவில்லை.

பெரியோரிடம் ஒரு விண்ணப்பம். வீட்டை ஒப்படைக்குங்கால் விளக்கையும் குழாயையும் எண்ணிச் சரிபார்த்தல் எங்குமுள்ள வழக்கம். தோட்டத்து மரங்களையும் எண்ணினால் என்ன? புதிதாய் வருவோர் முதல் வேலையாக மரத்தை வெட்டும் வழக்கம் அதனாற் சிறிது குறையும்.

குச்சி ஊன்ற ஏற்ற காலம் ஐப்பசி மழையின் தொடக்கம். ஒரு வீட்டுக் கவாத்தில் விழுவது பத்து வீட்டிற்குப் போதும். நனைந்த சாக்கிற் சுற்றி நிழலில் வைத்தால் இரண்டு நாள் வாடாது. வட்டம் விட்டு வட்டம் கொண்டுபோக அது போதிய காலமே.