ஏணியில் ஏறுவோரும் ஏணியைத் தாங்குவோரும்

நுழையும்முன்

பள்ளிக் கல்வியை முடித்து வெளியேறும் இளையோர் கைகளில் இன்று மிகுதியாகக் காணப்படுவன தலைமைப்பண்பு, பணியிட வெற்றி ஆகியன பற்றிய நூல்கள். அவை ஊக்கம் தருகின்றன. சிலவேளைகளில் ஏக்கத்தையும் தருகின்றன. அவற்றை எவ்வாறு படிக்க வேண்டும்? வெற்றி என்பதற்கு நாம் கொள்ளும் பொருள் என்ன? இவ்வினாக்களை எழுப்புகிறது இக்கட்டுரை.

புத்தகக் கண்காட்சிக்குச் செல்லும் எவரும் ஒரு காட்சியைக் காணலாம். கவிதை நூல்கள் அடுக்கியுள்ள மூலையில் ஓரிருவர் நிற்பர். ‘வெற்றி’, ‘தலைமை’, ‘சாதனை’ என்னும் சொற்களை அட்டையில் தாங்கிய நூல்களின் முன்னே இளையோர் கூட்டம் நெருங்கி நிற்கும். இதைக் கண்டு முகம் சுளிப்போர் உண்டு. நான் அவர்களுள் ஒருவன் அல்லன். முன்னேற வேண்டும் என்னும் விழைவு இழிவானதன்று. குடும்பத்தில் முதன்முதலாக அலுவலகப் பணிக்குச் செல்லும் ஒருவருக்கு, மேலாளரிடம் எவ்வாறு பேசுவது, நேரத்தை எவ்வாறு வகுப்பது என்று சொல்லித்தர வீட்டில் எவரும் இல்லை. அவருக்கு இந்நூல்களே மூத்தோர்.

நூல்கள் கடந்துவந்த பாதை

இவ்வகை நூல்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. சாமுவேல் சுமைல்ஸ், தன்முயற்சியால் உயர்ந்தோரின் வாழ்க்கையை விளக்கும் ‘செல்ப் ஹெல்ப்’ என்னும் நூலை 1859இல் வெளியிட்டார். உழைப்பும் சிக்கனமும் விடாமுயற்சியுமே அதன் அடிநாதம். 1936இல் டேல் கார்னகி, நண்பர்களைப் பெறுவது குறித்தும் பிறரைத் தம் வயப்படுத்துவது குறித்தும் எழுதிய நூல் உலகெங்கும் பரவியது. 1989இல் ஸ்டீபன் கோவி, திறன்மிக்க மனிதரின் ஏழு பழக்கங்களை விளக்கினார். பழைய வெற்றி நூல்கள் நற்குணத்தை வலியுறுத்தின. பின்வந்தவையோ புன்னகை, பேச்சு, தோற்றம் முதலிய புறப்பாங்குகளிலேயே நின்றுவிட்டன என்று கோவியே தம் நூலின் தொடக்கத்தில் குறைப்பட்டுக்கொள்கிறார். அத்துறையின் உள்ளிருந்தே எழுந்த திறனாய்வு என்பதால் அது நம் கவனத்திற்குரியது.

தமிழுக்கும் இத்துறை புதிதன்று. திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல், ஆள்வினையுடைமை, வினைத்திட்பம் ஆகிய அதிகாரங்கள் ஆட்களைத் தேர்வதையும் செயலை முடிப்பதையும் பேசுகின்றன. மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர், ஒருவரிடம் இல்லாததை எண்ணி வருந்தாமல் அவரிடம் உள்ள வலிமைக்கேற்பப் பணியை அளிக்க வேண்டும் என்கிறார். தெரிந்து வினையாடலைப் பயின்றவருக்கு இக்கருத்து அயலாகத் தோன்றாது. அண்மைக் காலத்தில் எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ தமிழ் இளைஞர் பலருக்குத் தன்னம்பிக்கை ஊட்டியது.

வென்றவர் மட்டுமே பேசும் அவை

எனினும், இந்நூல்களில் இரு குறைகள் உள்ளன. முதலாவது, இவை பெரும்பாலும் வென்றவர்களையே சான்றுக்கு அழைக்கின்றன. விடியற்காலையில் எழுந்ததால் ஒருவர் வென்றார் என்பர். அதே விடியலில் எழுந்து, அதே அளவு உழைத்து, வெல்லாமற்போனவர் எத்தனை பேர் என்பதை எவரும் கணக்கிடுவதில்லை.

ஜிம் காலின்ஸ் 2001இல் வெளியிட்ட ‘குட் டு கிரேட்’ என்னும் நூல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நல்ல நிலையிலிருந்து மிகச்சிறந்த நிலைக்கு உயர்ந்தவை எனப் 11 நிறுவனங்களை ஆராய்ந்து தேர்ந்தது அந்நூல். அவற்றுள் ஒன்றாகிய சர்க்யூட் சிட்டி 2008இல் நொடிப்பு நிலையை அறிவித்தது. மற்றொன்றாகிய பேனி மே, அதே ஆண்டில் அமெரிக்க அரசின் பொறுப்பில் வைக்கப்பட்டது. ஆய்வு செய்தவரின் உழைப்பில் ஐயமில்லை. ஆயினும், காலமும் சந்தையும் மாறும்போது வெற்றியின் சூத்திரமும் கைவிட்டுப்போகும் என்பதை அது காட்டுகிறது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. உயர்வும் தாழ்வும் முற்றிலும் உன் கையில்தான் என இந்நூல்கள் கூறுகின்றன. கேட்க இனிமையான சொல். ஆனால், பல நேர்காணல்களுக்குச் சென்றும் பணி கிடைக்காத இளைஞர் அதைப் படிக்கும்போது, குறை முழுவதும் தம்மிடமே என்று குமைகிறார். பணியிடம் என்பது தனிமனிதரின் மனவுறுதியால் மட்டும் ஆனதன்று. ஊதியம், வேலைநேரம், பாதுகாப்பு, சட்டம், உடன்பணியாற்றுவோரின் ஒற்றுமை ஆகியவையும் சேர்ந்ததே பணியிடம். பன்னிரண்டு மணிநேரம் நின்று உழைப்பவரிடம் புன்னகை செய்யப் பழகு என்று மட்டும் சொல்வது அறிவுரை ஆகாது.

பழியைத் தாங்கிய தோள்

அவ்வாறாயின் தலைமை என்பது யாது? 1979 ஆகஸ்டு 10 அன்று ஏவப்பட்ட இந்தியாவின் எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் இலக்கை எட்டாமல் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். செய்தியாளர்களைச் சந்தித்துத் தோல்விக்குப் பொறுப்பேற்றவரோ விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று அதே ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்று செய்தியாளர் சந்திப்பை நடத்துமாறு தவான் கலாமிடம் கூறினார். தோல்வியில் முன்னே நின்றவர், வெற்றியில் பின்னே ஒதுங்கினார். இந்நிகழ்வைக் கலாம் பின்னாளில் மாணவர்களிடம் பலமுறை நினைவுகூர்ந்தார். ஏணியில் ஏறுவது திறமை. பிறர் ஏறும்போது ஏணியைத் தாங்கிப் பிடிப்பதே தலைமை.

தோற்றவர் எனப்படுவோர் யார்?

வெற்றி நூல்களைத் தமிழுக்குக் கொணர்ந்த முன்னோடிகளுள் ஒருவர் யார் என அறிந்தால் வியப்படைவோம். அவர் கப்பலோட்டிய தமிழர் வ.உ. சிதம்பரனார். ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில எழுத்தாளரின் நூல்களை ‘மனம்போல வாழ்வு’, ‘அகமே புறம்’ முதலிய பெயர்களில் அவர் மொழிபெயர்த்தார்.

அவர் வாழ்வை வெற்றி நூல்களின் அளவுகோலால் அளந்து பாருங்கள். 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார், அது நிலைக்கவில்லை. 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் துணைநின்றார், அவ்வாண்டே சிறைப்பட்டார், சிறையில் செக்கிழுத்தார். 1912இல் விடுதலையான பின்னர் வறுமையில் உழன்றார். 1936இல் மறைந்தார். அதே ஆண்டில்தான் கார்னகியின் நூலும் வெளிவந்தது.

வருவாயும் பதவியுமே வெற்றி எனில் அவர் தோற்றவர். ஆனால், நம்மில் எவர் அவ்வாறு கூறத் துணிவோம்? ஒரு நிறுவனத்தை நடத்தியவர், கூலிக்கு உழைத்தவர் பக்கம் நின்றார். மன உறுதியைப் போற்றும் நூல்களைத் தமிழாக்கியவர், அவ்வுறுதியைத் தமக்காக மட்டும் செலவிடவில்லை. தனிமனித ஊக்கமும் பொதுநலனும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

படிக்கும் முறை

ஆகவே மாணவர்களே, வெற்றி நூல்களைப் படியுங்கள். நேரத்தைப் பேணவும், பிறர் கூறுவதைச் செவிமடுக்கவும், எடுத்த செயலை முடிக்கவும் அவற்றிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். அவற்றோடு வாழ்க்கை வரலாறுகளையும், தொழிலாளர் வரலாற்றையும், நாவல்களையும் சேர்த்துப் படியுங்கள். ஒவ்வொரு வெற்றிக் கதையிலும், இதில் சொல்லப்படாதவர் யார், இவ்வெற்றியைத் தாங்கிய தோள்கள் எவருடையவை என்று கேளுங்கள். நாளை நீங்கள் ஒரு குழுவை நடத்தும் நிலைக்கு உயரும்போது, நீங்கள் படித்த நூல்களைக் கொண்டு உங்களை எவரும் மதிப்பிடப்போவதில்லை. ஒரு தவறு நேர்ந்த நாளில், உங்கள் கீழ்ப் பணிபுரியும் இளையவர் உங்களை நோக்கி அச்சத்தோடு வருகிறாரா, நம்பிக்கையோடு வருகிறாரா என்பதே உங்கள் தலைமைக்கான தேர்வு.

கற்பவை கற்றபின்

1. தோல்விக்குப் பொறுப்பேற்ற தலைவர் ஒருவரைப் பற்றி வகுப்பில் உரையாடுக.
2. ‘வெற்றி முற்றிலும் தனிமனிதர் கையில்தான் உள்ளது’ – இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ ஒரு பக்க அளவில் எழுதுக.